பியானோ நால்வர் இசையும் சமூகமும்: 1952ஆம் ஆண்டின் இசைத்தட்டொன்றை முன்வைத்துச் சில குறிப்புகள்

இலக்கியத்தின் சமூக அடிப்படைகள் பற்றி ஆராய்ந்து பழகிய நமக்கு இசையின் சமூக அடிப்படைகள் பற்றிய ஆய்வு இன்னும் போதியளவு பழக்கமான துறையன்று. நாவல் எந்த வர்க்கத்தின் எழுச்சியோடு தோன்றியது என வினவுவது ஒப்பீட்டளவில் எளிது. நாவலில் மனிதர் பேசுகின்றனர், சொத்துச் சேர்க்கின்றனர், திருமணம் செய்கின்றனர், வீழ்ச்சியுறுகின்றனர். சொற்களின் துணையின்றி நிற்கும் வாத்திய இசையிடம் அதே வினாவை எழுப்பும்போது நேரடியான விடை கிடைப்பதில்லை. இதனால் இரு வகையான தவறான முடிவுகளுக்கு ஆய்வாளர் வந்து சேர்கின்றனர். ஒரு சாரார் வாத்திய இசையைக் காலத்துக்கும் சமூகத்துக்கும் அப்பாற்பட்ட தூய கலையெனப் போற்றுவர். மறு சாரார் ஐரோப்பியச் செவ்வியல் இசை முழுவதையும் அரண்மனையாரதும் செல்வந்தரதும் பொழுதுபோக்கென ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவர். முன்னையது வரலாற்றை மறுக்கின்றது. பின்னையது வரலாற்றைச் சூத்திரமாகச் சுருக்குகின்றது.

இவ்விரு நிலைப்பாடுகளையும் பரிசோதித்துப் பார்ப்பதற்கு ஏற்ற ஒரு சிறு சான்றை இக்கட்டுரை எடுத்துக்கொள்கின்றது. வூல்ஃப்காங் அமதேயுஸ் மொஸாட் 1785ஆம், 1786ஆம் ஆண்டுகளில் வியன்னா நகரில் இயற்றிய இரண்டு பியானோ நால்வர் இசையாக்கங்களை 1952இல் இங்கிலாந்தின் டெக்கா நிறுவனத்துக்காக நால்வர் வாசித்துப் பதிவு செய்தனர். பியானோ வாசித்தவர் ஆங்கிலேயரான கிளிஃபர்ட் கேர்சன். அவரோடு வாசித்தோர் அமதேயுஸ் தந்தி நால்வர் குழுவைச் சேர்ந்த மூவர்: வயலின் வாசித்த நோர்பேட் பிறைனின், வியோலா வாசித்த பீற்றர் ஷிட்லொவ், செலோ வாசித்த மாட்டின் லவெற். இம் மூவருள் முதலிருவரும் மொஸாட் வாழ்ந்த அதே ஒஸ்திரிய நாட்டிலிருந்து சிறுவயதில் துரத்தப்பட்ட யூத அகதிகள். ஆதலின், இவ்விசைத்தட்டினுள் மூன்று வரலாறுகள் ஒன்றுகூடுகின்றன. ஒன்று, ஓர் இசை வடிவத்தின் வரலாறு. மற்றொன்று, இசையைக் கேட்கும் முறையில் நேர்ந்த மாற்றத்தின் வரலாறு. மூன்றாவது, பண்பாட்டுக்கு உரிமை கோருவோர் பற்றிய வரலாறு. அவற்றை முறையே நோக்குவோம்.

1. வடிவமும் அதன் உள்முரணும்

ஐரோப்பிய இசை மரபில் சிலர் மட்டும் கூடி, ஒவ்வொரு பகுதிக்கும் ஒருவராக நின்று வாசிக்கும் இசை அறையிசை எனப்படும். பெருங் குழுவினர் வாசிக்கும் சிம்பொனியிலிருந்து அது அளவால் வேறுபடுவதோடு அமையவில்லை. சமூகப் பயன்பாட்டாலும் வேறுபட்டது. சிம்பொனி மண்டபத்துக்குரியது, அறையிசை வீட்டுக்குரியது. பதினெட்டாம் நூற்றாண்டில் அறையிசையின் முதன்மையான கேட்போர் அதனை வாசித்தவர்களே. அயலிலிருந்து கேட்பவர் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

இவ்வகை இசையுள் இரண்டு வயலின்களும் ஒரு வியோலாவும் ஒரு செலோவும் சேர்ந்த தந்தி நால்வர் வடிவத்தை ஜோசப் ஹைடன் நிலைநிறுத்தியிருந்தார். அதில் நான்கு வாத்தியங்களும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. வில்லால் இழுத்து எழுப்பப்படும் அவற்றின் ஓசைகள் தம்முள் எளிதில் கலந்துவிடும். பியானோ நால்வர் வடிவத்திலோ இரண்டாவது வயலின் நீங்கி அதனிடத்தில் பியானோ வந்தமர்கின்றது. பியானோவின் ஓசை சுத்தியலால் தந்தியை அடித்து எழுப்பப்படுவது. எழுந்த கணம் முதல் தேய்ந்து செல்வது. வில் வாத்தியத்தின் ஓசையோ எழுந்த பின்னும் வளரக்கூடியது. மேலும், பியானோ வாசிப்பவர் தமது பத்து விரல்களால் ஒரே வேளையில் பல சுரங்களை ஒலிக்கச் செய்வார். அதாவது தனியொரு வாத்தியமே ஒரு முழு இசைக்குழுவுக்கு நிகராகிவிடுகின்றது. ஒருபுறம் தனித்து நிற்கக்கூடிய வலிமை. மறுபுறம் ஒன்றுசேர்ந்தாலன்றி முழுமை பெறாத மூன்று குரல்கள். இந்தச் சமனின்மையே பியானோ நால்வர் வடிவத்தின் அடிப்படை முரணாகும்.

மொஸாட்டுக்கு முந்திய காலத்தில் இம் முரண் எளிய வழியில் தீர்க்கப்பட்டது. விசைப்பலகை வாத்தியத்துக்கு முழு இசையையும் ஒப்படைத்துவிட்டு, வில் வாத்தியங்களை அதன் பின்னே செல்லும் துணைகளாக அமைப்பது அக்கால வழக்கம். வயலினோ செலோவோ இல்லாவிட்டாலும் அத்தகைய இசைக்குப் பெரும் குறை நேராது. வீட்டில் பியானோ பயின்ற பெண்ணும், வில் வாத்தியத்தில் அரைகுறைத் தேர்ச்சி பெற்ற உறவினரும் ஒன்றுகூடி மாலைப் பொழுதைக் கழிப்பதற்கு இவ்வமைப்பு மிகவும் வசதியாக இருந்தது. வெளியீட்டாளர் விரும்பியதும் இதனையே.

1785 ஒக்டோபர் 16ஆம் திகதி எனக் குறிக்கப்பட்டுள்ள ஜி மைனர் நால்வர் இசையாக்கம் (கோஹெல் அட்டவணை எண் 478) இவ்வழக்கத்தை முறித்தது. அதன் தொடக்கத்தில் நான்கு வாத்தியங்களும் ஒரே சுரவரிசையை ஒருமித்து, கட்டளையிடுவது போன்று ஒலிக்கின்றன. அதற்குப் பியானோ தனித்து மறுமொழி கூறுகின்றது. மீண்டும் கூட்டுக் குரல். மீண்டும் தனிக் குரல். சில கணங்களுக்குள்ளேயே வடிவத்தின் முரண் மறைக்கப்படாது, இசையின் பொருளாகவே முன்வைக்கப்பட்டுவிடுகின்றது. முதல் அங்கம் முழுவதிலும் அக்கட்டளை பல்வேறு உருவங்களில் திரும்பி வந்து, இறுதியில் நால்வரும் மீளவும் ஒருமித்து முழங்குவதோடு முடிகின்றது. மொஸாட் ஜி மைனர் சுரத்தளத்தை அரிதாகவே கையாண்டார். அவரது நாற்பதாவது சிம்பொனியும் தந்தி ஐவர் இசையொன்றும் இதே தளத்திலமைந்தவை. அங்கெல்லாம் காணப்படும் அமைதியின்மை இங்கும் உண்டு.

இரண்டாம் அங்கம் பியானோவின் தனிக் குரலோடு தொடங்கிப் பின் மெல்லெனத் தந்திகளைத் தன்னோடு அழைத்துக்கொள்கின்றது. மூன்றாம் அங்கம் ஜி மேஜர் தளத்தில் ஒளியோடு அமைகின்றது. அதன் இடையே தோன்றும் ஓர் இனிய மெட்டை, மொஸாட் 1786 ஜனவரியில் தனிப் பியானோவுக்கென இயற்றிய ஓர் ஆக்கத்திலும் (எண் 485) கையாண்டுள்ளார். எல்லா அங்கங்களிலும் கவனிக்க வேண்டியது வியோலாவின் நிலையாகும். அக்காலத்தில் வியோலா இடைவெளியை நிரப்பும் வாத்தியமாகவே கருதப்பட்டது. அறையிசையில் வியோலா வாசிப்பதையே பெரிதும் விரும்பிய மொஸாட், நடுக் குரலின் பெறுமதியை அறிந்தவர். ஒரேயொரு வயலின் மாத்திரமுள்ள இவ்வடிவத்தில், வியோலா மேற்குரலோடு இணையாகச் செல்லவும் கீழ்க்குரலோடு சேர்ந்து எதிர்த்து நிற்கவும் வாய்ப்புப் பெறுகின்றது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம். நான்கு குரல்களின் சமத்துவத்தைக் கண்டவுடன் அதனை அரசியற் சமத்துவத்தின் பிரதிபிம்பம் எனக் கூறிவிடுவது கவர்ச்சியான, ஆனால் மலிவான முடிவாகும். இசை சமூகத்தின் கண்ணாடியன்று. எனினும், ஒரு குரல் ஆள, ஏனையவை பின்செல்லும் அமைப்பைவிட, ஒவ்வொரு குரலும் மற்றையவற்றைக் கேட்டு மறுமொழி கூறும் அமைப்பு ஒரு கலைஞனுக்கு உயர்ந்ததாகத் தோன்றிய காலம் எது என்பது வரலாற்றின் வினாவே. பிரெஞ்சுப் புரட்சிக்கு நான்கு ஆண்டுகள் முன்னரான வியன்னா அது. இந்த நால்வர் இசையை முடித்த அதே பருவத்தில் மொஸாட் எழுதிக்கொண்டிருந்தது ‘ஃபிகாரோவின் திருமணம்’ என்னும் இசைநாடகம். எசமானனைப் பணியாளன் மதியால் வெல்லும் அக்கதையின் மூலநாடகத்தை வியன்னா மேடையில் நடிப்பதற்கு இரண்டாம் ஜோசப் பேரரசர் அனுமதி மறுத்திருந்தார். இசைநாடகமோ 1786 மே 1இல் அரங்கேறியது.

2. சந்தையும் சுவையும்

மொஸாட் 1781இல் சால்ஸ்பேர்க் பேராயரின் சேவையிலிருந்து விலகினார். அதுவரை அவரது நிலை மாளிகைப் பணியாளரின் நிலையே. உணவு மேசையிலும் ஏவலாளரோடு அமரும் நிலை. வியன்னாவில் அவர் முன்கட்டணம் பெற்று நடத்திய கச்சேரிகளாலும், மாணவருக்குக் கற்பிப்பதாலும், இசைப்பிரதிகளை விற்பதாலும் வாழ முற்பட்டார். நிலமானியப் புரவலனின் பிடியிலிருந்து விடுபட்ட கலைஞன் சந்தையின் வாயிலில் வந்து நிற்கும் கட்டம் இது. விடுதலையும் நிச்சயமின்மையும் ஒருங்கே வந்தன.

ஃப்ரான்ஸ் அன்ரன் ஹொஃப்மைஸ்டர் என்னும் இசையாக்குநரும் வெளியீட்டாளருமானவர் 1785இல் ஜி மைனர் நால்வர் இசையை வெளியிட்டார். மொஸாட்டின் மனைவி கொன்ஸ்தான்சாவின் இரண்டாம் கணவரான நிஸ்ஸென் எழுதி 1828இல் வெளிவந்த வாழ்க்கை வரலாறு ஒரு செய்தியைத் தருகின்றது. மூன்று நால்வர் இசைகளுக்கு ஒப்பந்தம் செய்திருந்த ஹொஃப்மைஸ்டர், முதலாவது பொதுமக்களுக்குக் கடினமாகத் தோன்றி விற்பனையாகாமையால், கொடுத்த முற்பணத்தை மொஸாட்டே வைத்துக்கொள்ளட்டும் எனக் கூறி எஞ்சியவற்றைக் கைவிட்டார் என்பதே அச்செய்தி. இரண்டாவதான ஈ ஃபிளாட் மேஜர் நால்வர் இசை (எண் 493) 1786 ஜூன் 3இல் மொஸாட்டின் சொந்தப் பட்டியலிற் பதிவாகியது. அடுத்த ஆண்டில் அதனை வெளியிட்டது ஆர்த்தாரியா என்னும் வேறொரு நிறுவனம். மூன்றாவது எழுதப்படவேயில்லை.

விற்பனையாகாமைக்கான காரணத்தை விளக்கும் சமகாலச் சான்றொன்றும் உண்டு. வைமார் நகரிலிருந்து வெளிவந்த ஆடம்பரமும் நவநாகரிகமும் பற்றிய ஒரு சஞ்சிகையில் 1788இல் வந்த குறிப்பு, மொஸாட்டின் நால்வர் இசையொன்று எங்கும் வாசிக்கப்படுவதையும், தேர்ச்சியற்ற பொழுதுபோக்கு வாசிப்பாளரின் கையில் அது தாங்க முடியாததாக மாறுவதையும் எடுத்துரைக்கின்றது. புதிய இசையை அறிந்தவராகக் காட்டிக்கொள்ளும் விருப்பமே அவர்களை உந்தியது. நான்கு கருவிகளும் நான்கு தாளக்கட்டுகள் கூட ஒருமித்துச் செல்லாதபோதும் கூடியிருந்தோர் புகழ்ந்தனர். அதே ஆக்கத்தை, தேர்ந்த நால்வர் அமைதியான அறையில், கவனத்தோடு கேட்கும் ஓரிருவர் முன்னிலையில் வாசிக்கும்போது அது முற்றிலும் வேறான ஒன்றாகிவிடுகின்றது என்பது அக்குறிப்பின் சாரம். நவநாகரிகச் சஞ்சிகையொன்று இதனைக் கூறியது தற்செயலன்று. இசைப்பிரதி ஆடை அணிகலன்களைப் போன்று நவநாகரிகப் பண்டமாகியிருந்தது. பண்டத்துக்கும் படைப்புக்கும் இடையே விழுந்த விரிசலை அக்குறிப்பு தன்னையறியாமலே பதிவு செய்துள்ளது.

இவ்விடத்தில் முற்கூறிய இரண்டாவது நிலைப்பாட்டின் போதாமை புலனாகின்றது. இவ்விசை உயர்குடியினரின் பொழுதுபோக்கு மாத்திரமாயின், அவ்வுயர்குடியினரும் அவர்களைப் பின்பற்றிய நகர்ப்புற மத்தியதர வர்க்கத்தினரும் அதனை எளிதில் ஏற்றிருக்க வேண்டும். அவர்கள் ஏற்கத் தடுமாறினர். படைப்பு தனக்குப் பணம் தந்த வர்க்கத்தின் தேவைக்குள் முழுமையாக அடங்க மறுத்தது. ஒரு கலைப் படைப்பின் தோற்றத்தை விளக்கும் சமூகக் காரணிகள் அதன் பெறுமதியையும் முற்றாக விளக்கிவிடும் எனக் கொள்வது தவறென்பதற்கு இஃது எளிய சான்று.

அதே 1785இல், போன் நகரில் பதினான்கு வயதுச் சிறுவனாயிருந்த பீத்தோவன் மூன்று பியானோ நால்வர் இசைகளை இயற்றியிருந்தார் என்பதும் ஈண்டு குறிப்பிடத்தக்கது. அவை அவர் மறைந்த பின்னர், 1828இலேயே அச்சேறின.

3. வீட்டிலிருந்து மண்டபத்துக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பியானோ பேருருவம் பெற்றது. மொஸாட் வாசித்த பியானோ, வியன்னாவின் அன்ரன் வால்ற்றர் என்னும் கைவினைஞர் செய்தது. மரச் சட்டகமும் தோல் போர்த்த சிறு சுத்தியல்களும் ஐந்து எண்மங்கள் கொண்ட விசைப்பலகையும் அதற்கிருந்தன. அதன் ஓசை தெளிவானது, விரைவில் அடங்குவது, வில் வாத்தியங்களை விழுங்காதது. கைத்தொழிற் புரட்சி இக்கருவியைத் தொழிற்சாலைப் பொருளாக்கியது. வார்ப்பிரும்புச் சட்டகம் பெரும் இழுவிசையைத் தாங்கியது, தந்திகள் தடித்தன, விசைகள் பெருகி 88 ஆயின. மக்ஸ் வேபர் இசையின் சமூக அடிப்படைகள் பற்றி எழுதி, அவர் மறைந்த பின் 1921இல் வெளிவந்த நூலில் பியானோவை மத்தியதர வர்க்க இல்லத்தின் தளபாடமாக நோக்கியமை பொருத்தமானதே.

கருவி மாறியபோது வடிவமும் மாறியது. ஷூமன் 1842இலும், பிறாம்ஸ் 1861 முதல் 1875 வரையும், ஃபோறே 1870களிலும் 1880களிலும், துவோஷாக் 1875இலும் 1889இலும் எழுதிய பியானோ நால்வர் இசைகள் படிப்படியாக வரவேற்பறையை விட்டுக் கச்சேரி மண்டபத்தை நோக்கிச் சென்றன. பிறாம்ஸின் முதலாவது நால்வர் இசையை 1861இல் ஹம்பேர்க் நகரில் முதன்முதலில் வாசித்தவர் கிளாரா ஷூமன் என்னும் பேர்பெற்ற தொழில்முறைப் பியானோக் கலைஞர். இல்லத்து மகளிரின் பொழுதுபோக்காயிருந்த கருவி ஒரு பெண்ணின் சீவனோபாயத் தொழிலாகவும் மாறிவிட்டது. 1937இல் ஆர்னோல்ட் ஷொன்பேர்க் அதே ஆக்கத்தைப் பெரும் இசைக்குழுவுக்கென மாற்றியமைத்தார். பியானோ மிகையாக ஒலித்து ஏனைய குரல்களை மறைப்பதால் எல்லாக் குரல்களையும் கேட்க விரும்பியே அவ்வாறு செய்ததாக அவர் விளக்கினார். மொஸாட் எதிர்கொண்ட சமனின்மை ஒன்றரை நூற்றாண்டின் பின் கருவியின் வளர்ச்சியாற் பன்மடங்காகியிருந்தமையை இது காட்டுகின்றது.

4. இசைத்தட்டு: பெற்றதும் இழந்ததும்

எடிசன் 1877இல் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டுபிடித்தார். தட்டையான இசைத்தட்டு பத்தாண்டுகளின் பின் பேர்லினரால் உருவாக்கப்பட்டது. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ நான்கு நிமிட இசையையே தாங்கும். ஆதலால் மொஸாட்டின் நால்வர் இசையொன்றைக் கேட்பவர் பலமுறை எழுந்து தட்டைப் புரட்ட வேண்டியிருந்தது. ஆர்தர் ஷ்னாபெல் புரோ ஆர்த்தே குழுவினரோடு 1934இல் ஜி மைனர் நால்வர் இசையைப் பதிவு செய்தபோதும், ஜோர்ஜ் ஸெல் புடாபெஸ்ட் குழுவினரோடு 1946இல் இரண்டையும் பதிவு செய்தபோதும் நிலைமை அதுவே. 1948இல் அமெரிக்காவிலும் 1950இல் பிரித்தானியாவிலும் நெடுநேர இசைத்தட்டு சந்தைக்கு வந்தது. ஒரு பக்கத்தில் இருபது நிமிடங்களுக்கும் மேலாக இசை தடையின்றி ஓடியது. இரு நால்வர் இசைகள் ஒரே தட்டின் இரு பக்கங்களில் அடங்கத்தக்கனவாயின. கேர்சனும் அமதேயுஸ் குழுவினரும் 1952இற் செய்த பதிவு இப்புதிய தொழில்நுட்பத்தின் முதற் பருவத்தைச் சார்ந்தது.

இம் மாற்றத்தின் பெறுபேறுகளை நிதானமாக மதிப்பிடல் வேண்டும். இயந்திர மறுவுற்பத்தி கலைப் படைப்பின் தனித்த ஒளிவட்டத்தை நீக்கி அதனை மக்களிடம் கொண்டுசெல்லும் என 1930களில் வால்ற்றர் பென்ஜமின் எதிர்பார்த்தார். ஓரளவுக்கு அது நிகழ்ந்தது. 1788ஆம் ஆண்டுச் சஞ்சிகை கூறிய தேர்ந்த நால்வரையும் அமைதியான அறையையும் எவரும் தம் வீட்டுக்குள் பெறக்கூடியதாயிற்று. பியானோ வாங்க வசதியற்றவரும், பொது நூலகத்தின் இசைத்தட்டுப் பகுதியை நாடுபவரும், வானொலியைக் கேட்பவரும் அவ்விசையின் கேட்போராயினர்.

ஆயின், பெற்றதற்கு ஈடாக இழந்ததும் உண்டு. அறையிசை முதன்மையாக வாசிப்பவரை நோக்கியே எழுதப்படுவது என்பதை அடோர்னோ 1962இல் வெளியிட்ட இசைச் சமூகவியல் நூலில் வலியுறுத்தினார். வில்லைப் பிடித்த கையே அதன் பொருளை முதலில் அறிந்த உறுப்பு. எங்கே வேகத்தைக் குறைத்து மற்றவருக்கு வழிவிட வேண்டும், எங்கே தன் குரலை அடக்க வேண்டும் என்பவற்றை வாசிப்பவர் உடலால் கற்றார். இசைத்தட்டு காதை வளர்த்தது; கையை ஓய்வுபெறச் செய்தது. தடுமாறி வாசித்த வைமார் வாசிப்பாளர் நகைப்புக்குரியவராயினும், அவர் இசையை ஆக்கும் செயலிற் பங்குகொண்டவர். குறையின்றிப் பதிவான இசைத்தட்டின் முன் அமர்ந்திருப்பவர் நுகர்வோராவார். உற்பத்தியிற் பங்கெடுத்தல் அருகி நுகர்வு பெருகுதல் என்ற இப்போக்கு, முதலாளித்துவப் பண்பாட்டு வாழ்வின் பொதுப்போக்கோடு இணைத்து நோக்கத்தக்கது.

ஒலிப்பதிவு வாசிப்பு முறையையும் மாற்றியது. நவீனப் பியானோ வில் வாத்தியங்களை மறைத்துவிடும் என்ற பழைய இடர்ப்பாட்டை, ஒலிவாங்கிகளை நிறுத்தும் இடத்தாலும் ஓசையைச் சமன்செய்யும் கருவிகளாலும் ஓரளவுக்கு நீக்க முடிந்தது. மண்டபத்திற் கேளாத வியோலா இசைத்தட்டிற் கேட்டது. எனினும், கேர்சனின் வாசிப்பிற் சமநிலை பெரும்பாலும் தொழில்நுட்பத்தால் வந்ததன்று. இரும்புச் சட்டகப் பியானோவை வாசித்தபோதும் அவர் அதன் முழு வலிமையையும் பயன்படுத்தாது, சொற்றெளிவு போன்ற விரல்தெளிவோடு, தந்திகளின் மூச்சுக்கு இடமளித்து வாசிக்கின்றார். தன்னால் அடக்கியாள முடிந்த இடத்தில் அடங்கி நிற்றல் என்னும் இப்பண்பே இவ்வடிவத்தின் உயிர். 1980களில் மல்கம் பில்சன் போன்றோர் மொஸாட் காலத்துப் பியானோவின் அமைப்பிலான கருவியில் இவ்வாக்கங்களைப் பதிவு செய்தபோது, கருவியின் இயல்பே அச்சமநிலையைத் தருவதைக் கேட்போர் உணர்ந்தனர்.

5. அகதிகளின் கையில் வியன்னா

1938 மார்ச்சில் ஹிட்லரின் ஜேர்மனி ஒஸ்திரியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. யூதர்கள் பாடசாலைகளிலிருந்தும் தொழில்களிலிருந்தும் விலக்கப்பட்டனர். பிறைனின், ஷிட்லொவ், பின்னர் அமதேயுஸ் குழுவின் இரண்டாவது வயலின் கலைஞரான சிக்மண்ட் நிசெல் ஆகிய மூவரும் பதின்ம வயதினராய் இங்கிலாந்தை அடைந்தனர். புகலிடம் முழுமையானதாக இருக்கவில்லை. 1940இல் பிரித்தானிய அரசு ஜேர்மனியரையும் ஒஸ்திரியரையும் ‘எதிரி நாட்டு அந்நியர்’ எனப் பெருந்தொகையாகத் தடுத்துவைத்தது. நாசிகளிடமிருந்து தப்பி வந்தோரும் அவ்வகைக்குள்ளேயே அடக்கப்பட்டனர். பிறைனினும் ஷிட்லொவும் சந்தித்தது தடுப்பு முகாமிலேயே. ஷிட்லொவும் நிசெலும் சந்தித்தது மான் தீவிலிருந்த மற்றொரு முகாமில். கம்பி வேலிக்குள் வேறு அகதி இசைவாணரும் இருந்தனர். அங்கு இசைக்கப்பட்டது பெரும்பாலும் ஜேர்மானிய, ஒஸ்திரிய மரபிசையே.

விடுதலையான பின்னர் இம் மூவருக்கும் மக்ஸ் றொஸ்ரல் என்னும், தாமும் அகதியாக வந்த வயலின் ஆசிரியர் கட்டணமின்றிக் கற்பித்தார். இங்கிலாந்திற் பிறந்த லவெற் அவர்களோடு இணைந்தார். வயலின் கலைஞராகப் பயின்ற ஷிட்லொவ், குழுவின் தேவைக்காக வியோலாவைக் கையிலெடுத்தார். 1948 ஜனவரி 10ஆம் திகதி இலண்டன் விக்மோர் மண்டபத்தில் அமதேயுஸ் நால்வர் என்ற பெயரோடு அவர்கள் முதன்முதலில் மேடையேறினர். மண்டபத்தை வாடகைக்குப் பெறுவதற்கான 100 பவுணை வழங்கியவர் இமோஜென் ஹோல்ஸ்ற் என்னும் இசையறிஞர். போர்க்காலத்தில் மைரா ஹெஸ் தேசிய ஓவியக் கூடத்தில் ஒரு ஷில்லிங் கட்டணத்துக்கு நண்பகற் கச்சேரிகளை நடத்தி, அறையிசைக்குப் புதிய கேட்போரை உருவாக்கியிருந்தார். அமதேயுஸ் குழுவினர் வெளிவந்தபோது அத்தகைய கேட்போர் காத்திருந்தனர்.

பியானோ நால்வர் இசைக்கு ஒரு வயலினே வேண்டியதாகையால் 1952ஆம் ஆண்டுப் பதிவில் நிசெல் இடம்பெறவில்லை. எனினும், அப்பதிவின் பின்னணி முழுவதிலும் அகதி வாழ்வின் தடம் உண்டு. கேர்சன் பேர்லினில் ஷ்னாபெலின் மாணவராயிருந்தவர். யூதரான ஷ்னாபெல் வியன்னாவிற் பயின்று, 1933இல் நாசிகள் ஆட்சிக்கு வந்ததும் ஜேர்மனியை விட்டு நீங்கியவர். ஆகவே பியானோவின் வழியாகவும் தந்திகளின் வழியாகவும் வியன்னாவின் மரபு இலண்டனை வந்தடைந்தது, வெளியேற்றப்பட்டோரின் கைகளிலேயே.

இதனோடு ஒப்பிட்டு நோக்க வேண்டிய மற்றொரு நிகழ்வு 1941இல் நடந்தது. மொஸாட் மறைந்து 150 ஆண்டுகள் நிறைவுற்றதை நாசி அரசு வியன்னாவில் பெருவிழாவாகக் கொண்டாடியது. பிரசார அமைச்சர் கொயபெல்ஸ் அதிற் கலந்துகொண்டு, மொஸாட்டை ஜேர்மானிய ஆன்மாவின் சொத்தாக முன்னிறுத்தினார். ‘ஃபிகாரோ’வின் பாடல்களை எழுதிய லொறென்சோ த பொன்ரே யூதராகப் பிறந்தவர் என்பது அவர்களுக்குச் சங்கடமாயிருந்தது. கொண்டாட்ட மேடையில் மாலைகள் குவிந்த அதே நகரிலிருந்து, அதே காலத்தில், யூதர்கள் கிழக்கு நோக்கி நாடுகடத்தப்பட்டுக் கொண்டிருந்தனர்.

இவ்விரு காட்சிகளையும் அருகருகே வைக்கும்போது, முதலிற் கூறிய தூய கலைக் கோட்பாடும் நிலைகுலைகின்றது. இசை தானாகவே மனிதரை மேன்மைப்படுத்தும் என்றால், மொஸாட்டைக் கொண்டாடிய கரங்கள் அக்கொடுமைகளைச் செய்திருக்கலாகாது. மரபைப் போற்றுதல் மரபின் உள்ளடக்கத்துக்கு உண்மையாயிருத்தலாகாது. இரத்தமும் மண்ணும் ஒருவரைப் பண்பாட்டின் வாரிசாக்குவதில்லை. அதனைக் கற்று, காத்து, தம் உழைப்பால் மீளவும் ஆக்குவோரே வாரிசுகள். ஓர் ஆக்கத்தின் நான்கு குரல்களையும் செம்மையாக ஒலிக்கச் செய்வதற்கு, முகாமிலிருந்து வந்த இருவரும் இங்கிலாந்திற் பிறந்த இருவரும் போதுமானவராயிருந்தனர்.

பின்னாளில் அமதேயுஸ் குழுவினர் ஜேர்மனியிலும் வாசித்தனர். ஜேர்மானிய நிறுவனமொன்றுக்காகவே ஏராளமான பதிவுகளைச் செய்தனர். 1970இல் அவர்கள் சோவியத் பியானோக் கலைஞரான எமில் கிலெல்ஸோடு இணைந்து பிறாம்ஸின் முதலாவது பியானோ நால்வர் இசையைப் பதிவு செய்தமை, பனிப்போர்க் காலத்து எல்லைகளையும் தாண்டிய கூட்டுறவாகும். 1987இல் ஷிட்லொவ் மறைந்ததும், அவரது இடத்தில் வேறொருவரை அமர்த்த விரும்பாது ஏனைய மூவரும் குழுவைக் கலைத்தனர். நாற்பதாண்டுகளாக ஒரே நால்வர். நடுக் குரல் நின்றதும் இசையும் நின்றது. வியோலாவை இடைவெளி நிரப்பும் வாத்தியமென எண்ணிய பழைய கருத்துக்கு இதைவிட உறுதியான மறுப்பு இருத்தலரிது.

6. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் சில முடிவுகள் பெறப்படுகின்றன. பியானோ நால்வர் இசை நிலமானியப் புரவலும் நகர்ப்புறச் சந்தையும் ஒன்றையொன்று மோதிய காலத்திற் பிறந்தது. அதன் வடிவத்திற் சமனற்ற ஆற்றல்களிடையே உரையாடலை அமைக்கும் முயற்சி பொதிந்துள்ளது. அம்முயற்சியை அன்றைய சந்தை எளிதில் ஏற்கவில்லை. தொழில்நுட்பம் பின்னர் அவ்விசையைப் பரவலாக்கியது. அதே வேளை வாசிப்போரைக் கேட்போராக மாற்றியது. அரசியல் அதிகாரம் அதனைத் தனதென உரிமை கோரியபோது, அதிகாரத்தாற் துரத்தப்பட்டோரே அதனைத் தாங்கிச் சென்றனர்.

எனவே, முற்போக்கு விமரிசனம் இத்தகைய கலைச் செல்வங்களை எதிர்கொள்ளும்போது கேட்க வேண்டிய வினா, அவை எவருடைய மாளிகையிற் பிறந்தன என்பதோடு முடிந்துவிடலாகாது. அவை எத்தகைய மனித உறவைக் கற்பனை செய்கின்றன, எவருக்கு எட்டாதனவாக வைக்கப்பட்டுள்ளன, எவர் கையில் உயிர்பெறுகின்றன என்ற வினாக்களும் அதனோடு சேர வேண்டும். பிறப்பிடத்தை மட்டும் காரணமாகக் கொண்டு ஒரு படைப்பை ஒதுக்குவது, பிறப்பிடத்தை மட்டும் காரணமாகக் கொண்டு மனிதரை ஒதுக்கியோரின் தருக்கத்துக்கு நம்மை அறியாமலே அண்மையிற் கொண்டுசெல்லும். இசைத்தட்டைக் கேட்டு மகிழ்வதோடு அமையாது, இசைக்கும் கையையும் அதற்கான ஓய்வு நேரத்தையும் கல்வியையும் எல்லோருக்கும் உரியனவாக்குதலே எஞ்சியுள்ள பணி. அது இசையறிஞரின் பணி மட்டுமன்று. சமூக மாற்றத்தை வேண்டும் அனைவரதும் பணியாகும்.